துளிகள் மோதாதிருக்க ஒரு கணக்கு



பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் இரத்தம் சில துளிகள்தான். அதற்குள் பல சோதனைகளை முடித்தாக வேண்டும். அதற்கு வழிசெய்த ஒரு நுட்பத்தின் வரலாற்றை இம்மாதம் பார்ப்போம்.

மின்னழுத்தத்தால் திரவத்தின் பரப்பு இழுவிசை மாறும் என்பதை 1875இல் பிரான்சின் காப்ரியேல் லிப்மன் பாதரசத்தைக் கொண்டு விளக்கினார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பொலாக், ரிச்சர்ட் ஃபேர் குழுவினர் சதுரங்கக் கட்டங்கள் போலச் சிறு மின்வாய்களை அடுக்கினர். அடுத்த கட்டத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் துளி அங்கே நகரும். குழாயும் வேண்டாம், பம்பும் வேண்டாம்.

ஒரு துளிக்குக் கையாலேயே வழி குறிக்கலாம். பல துளிகள் ஒன்றாக ஓடினால்? அடுத்தடுத்த கட்டங்களுக்கு வந்தாலே அவை ஒட்டிக்கொள்ளும். ஒரு குழந்தையின் துளி இன்னொன்றுடன் கலந்தால் இரு குழந்தைகளின் முடிவும் பிழைத்துவிடும்.

எங்கே கலப்பது, எங்கே காத்திருப்பது, எந்த நொடியில் நகர்வது என்பதைக் கணினியே தீர்மானிக்கும் முறைகளை அதே டியூக்கில் கிருஷ்ணேந்து சக்ரவர்த்தியும் ஃபெய் சூவும் 2004, 2005இல் வெளியிட்டனர். பழுதான கட்டங்களை விலக்கி இடம் ஒதுக்கவும் வழி சொன்னார்கள். கணினிச் சில்லுகளை வடிவமைக்கும் உத்திகளே இதற்கு அடிப்படை. ஆனால் சில்லில் கம்பி போட்ட இடத்திலேயே கிடக்கும். இங்கே ஒரு துளி விலகியதும் அந்தக் கட்டம் அடுத்த துளிக்குக் கிடைக்கும். ஒரே மண்டபத்தைக் காலையில் ஒருவருக்கும் மாலையில் இன்னொருவருக்கும் வாடகைக்கு விடுவது போன்ற கணக்கு இது.

டியூக்கில் ஆய்வு செய்த வம்சி பமுலா இணைந்து நிறுவிய பேபீஸ் நிறுவனத்தின் 'சீக்கர்' கருவிக்கு, 2017இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. அது பிறந்த குழந்தைகளிடம் நான்கு அரிய நோய்களின் அறிகுறியைத் தேடும் கருவி. துளியை நகர்த்தியது முதல் வெற்றி. துளிகளைப் பிரித்து வைத்ததால்தான் அது குழந்தைகளுக்குப் பயன்பட்டது.