நீரோட்டத்துக்கு எதிராக ஒரு பகல் நடை

ஏரிக்கரை நடைக்கு நண்பர்களை அழைத்துச் செல்லும்போது நாங்கள் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறோம். சாலையையும் பெயர்ப்பலகையையும் நம்பி நடப்பதில்லை; நீர் வரும் வழியை நோக்கியே நடக்கிறோம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே சாலையோரமாக நடப்பவருக்குச் சுற்றுச்சுவர்களும் கன்டெய்னர் லாரிகளுமே கண்ணில் படும். கரைமேல் ஏறியவருக்கோ அதே நிலம் வேறொரு வரைபடமாக விரியும். காலையில் மணிமங்கலம் ஏரியில் தொடங்கி, பிள்ளைப்பாக்கம் ஏரியைக் கடந்து, மாலையில் ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் முடிவது எங்கள் பாதை. தொப்பியும் தண்ணீரும் போதும், ஏற்றம் எதுவுமில்லை.

ஏரிகளினூடே நடை என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் வட இங்கிலாந்து நினைவுக்கு வரக்கூடும். அங்குள்ள ஏரிகள் பனியாறுகள் குடைந்தவை. அவற்றுள் தேர்ல்மியர் ஏரியை அணைகட்டி உயர்த்தி மான்செஸ்டருக்கு நீர் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்து 1870களிலேயே இயக்கம் எழுந்தது, தோற்றது. 1894இல் நீர் நகரத்தை அடைந்தது. 1951இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. நம் ஏரிகள் மனிதக் கையால் ஆனவை. சாய்வு நிலத்தில் மண்ணைப் பிறைவடிவில் குவித்து மழையை நிறுத்தியிருக்கிறார்கள். மதகு வழியே வயலுக்கு; நிரம்பினால் கலங்கல் வழியே கீழுள்ள ஏரிக்கு. மேலேரியின் போக்குக்காலே கீழேரியின் வரத்துக்கால். ஒன்றைமட்டும் வேலியிட்டுக் காப்பாற்ற இயலாத அமைப்பு இது.

மணிமங்கலத்தில் சற்று அதிக நேரம் நிற்போம். கி.பி. 642ஐ ஒட்டி இரண்டாம் புலிகேசியை முதலாம் நரசிம்மவர்மன் முறியடித்த களங்களுள் ஒன்றாக இவ்வூரைக் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. கல்கியை வாசித்தவர்களுக்குப் பெயர் பழக்கமானது. ஊர் இவ்வளவு அருகில் இருப்பது பலருக்கும் வியப்பு. இங்குள்ள இராஜகோபாலப் பெருமாள் கோயிலின் சோழர் கல்வெட்டுகளை ஹுல்ச் பதிப்பித்து 1899இல் வெளியிட்டார். கொப்பத்துப் போரில் யானைமேல் உயிர்நீத்த இராஜாதிராஜன், அக்களத்திலேயே முடிசூடிய தம்பி இரண்டாம் இராஜேந்திரன், கூடல்சங்கமத்தில் வென்ற வீரராஜேந்திரன் ஆகிய மூவரின் புகழும் இக்கோயிலில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் நண்பர்களில் பாதிப்பேர் மெய்க்கீர்த்தியோடு நின்றுவிடுவர். எங்களுக்கு ஆர்வமூட்டுவது அந்த ஆரவாரம் அடங்கிய பிறகு வரும் வரிகள்: சபை, கொடை, நிலம். நிலத்தின் எல்லையை வாய்க்காலைக்கொண்டு சுட்டுவது சோழர் கல்வெட்டுகளின் இயல்பு. வாய்க்கால் இடம்பெயராது என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

பாதையிலிருந்து தெற்கே விலகினால் ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு. 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கற்கருவிகளும், அவற்றுக்கு மேலடுக்கில் ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. இந்தியாவின் பழைய கற்காலக் கருவியை இராபர்ட் புரூஸ் ஃபூட் முதன்முதலாக அடையாளம் கண்டதும் தொலைவில் அல்ல. பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று.

இனி, ஏரிகளைக் காத்தவர் யார் என்ற கேள்வி. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலையில் தெரிவுசெய்யும் முறையை வகுக்கின்றன. கும்பெனி ஆட்சியில் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களை அளந்தார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் நாடு சீரழிந்தது. 1794இல் ஆட்சியராக வந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்க்க முனைந்தார். மதுராந்தகத்தில் இராமனே கரையைக் காத்ததை அவர் கண்ட கதை எல்லோரும் அறிந்தது; கரைக்கு மண் போட்ட கைகளைப் பற்றிக் கதையில்லை. ஊரில் மதகைத் திறந்து மூடி, முறைவைத்து நீர் பாய்ச்சியவர் நீர்க்கட்டி. அவருக்குக் கூலி அறுவடையில் தானியப் பங்கு. ஏரி வற்றினால் அவர் வீட்டு அடுப்பும் அணையும். அரசாணையைவிட வலுவான காவல் அது.

அந்தக் கண்ணி அறுந்த இடத்தைப் பிள்ளைப்பாக்கம் கரையில் நின்று காட்டுவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடிப்போயிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். ஆலைகளைப் பழிக்க நாங்கள் கரையேறுவதில்லை. எங்களோடு நடக்கும் இளைஞர் சிலருக்கு அவைதாம் சோறு போடுகின்றன. ஆனால் ஆயக்கட்டு மனைகளாகும்போது மதகுக்கு வேலையில்லை, நீர்க்கட்டிக்கும் வேலையில்லை. வரத்துக்காலில் யாரேனும் மண் தள்ளினால் சண்டைக்கு வர ஒரு விவசாயி இல்லை. ஏரியின் நீர்ப்பரப்பு அரசுக் கணக்கில் பத்திரமாக இருக்கும். அதற்கு நீர் கொண்டுவரும் ஒற்றைக் கோடு காணாமற்போகும்.

அக்கோடுகளை மழை மறப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் செம்பரம்பாக்கத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து திறக்கும் நீர் அடையாற்றுக்கு. மணிமங்கலத்தின் மிகைநீரும் அடையாற்றிலேயே சேர்கிறது. பாசனத்துக்கென வெட்டிய செம்பரம்பாக்கம் இன்று சென்னையின் குடிநீர். 2015 டிசம்பர் 1 அன்று அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டபோது சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. அன்றைய திறப்பின் நேரத்தைப் பற்றி நிறைய விவாதித்தோம். மேலேரிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

மாலையில் ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு வந்துசேர்கையில் நடை முடிகிறது. நீரின் வழி முடிவதில்லை. பாலாற்றிலிருந்து புறப்பட்டு, வழியெங்கும் ஏரிகளை நிரப்பிக்கொண்டு இங்கே வந்து முடிவது கம்பன் கால்வாய். 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமானநிலையம் அறிவிக்கப்பட்டது. அதற்கென வரையறுத்த நிலத்தின் ஊடே இக்கால்வாய் செல்கிறது. அந்நிலத்துக்குள் ஏரிகளும் இருக்கின்றன. அறிவிப்பை அடுத்து ஏகனாபுரத்து மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கால்வாயைத் திருப்பிவிடலாம் என்பது பொறியாளர்கள் தரப்பு. திருப்பும் வளைவில் எந்தெந்த ஏரிக்கு நீர் வரும், எதற்கு வராது என்று மேற்கே வெயில் இறங்கும் வரை கரையில் உட்கார்ந்து நண்பர்கள் வாதிடுவார்கள்.