பாடத்திட்டம் மலையேறாத கதை: போடி வட்டாரத்தில் வரலாற்றுப் பட்டப்படிப்பு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை (போடியை) அடுத்த குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையில் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. ரயில் எட்டிப் பார்க்காத இடத்துக்கு இந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் தேயிலை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி ஓடியது. 1908-இல் அது இரண்டடி அகல ரயில்பாதையானது. டாப் ஸ்டேஷனில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர், பிறகு தூத்துக்குடித் துறைமுகம். 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. யாரும் திரும்பப் போடவில்லை. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-இல்தான்.

இவற்றில் பெரும்பகுதி போடிக்குப் பக்கத்திலேயே நடந்தது. ஆனால் வரலாற்றை மேஜராக எடுத்துப் படிக்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை வரிசை பிசகாமல் சொல்வார்கள், கம்பிவடத்தைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். குறை அவர்களுடையது அன்று. பாடம் இங்கே வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால் அது விளங்கும்.

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் வார்க்கப்பட்டது. முதல் அரை நூற்றாண்டு அது பாடம் நடத்தவில்லை, தேர்வு நடத்தியது. பாடம் நடத்தும் வேலை இணைப்புக் கல்லூரிகளுக்கு. கேள்வித்தாள் ஓரிடத்தில், வகுப்பறை வேறோரிடத்தில் என்ற ஏற்பாட்டின் வேர் இங்கேதான். இங்கிலாந்தின் வரலாறும் அதன் அரசியலமைப்பின் வளர்ச்சியும் முன்வரிசையில் உட்கார்ந்தன. நாட்டின் சொந்த வரலாற்றுக்கு என்று பேராசிரியர் பதவி உருவாகி, எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் அதில் அமர 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிறிய ஊர்க் கல்லூரி ஆய்வாளரை மழுங்கடித்துவிடும் என்ற பேச்சு துறையில் இன்றும் உண்டு. ஆனால் வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1913 முதல் 1918 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பாடம் சொன்னவர். பின்பு காசி, சிதம்பரம், திருச்சி என்று சுற்றி 1929-இல்தான் சென்னைப் பேராசிரியர் பதவிக்கு வந்தார். பாண்டியர் பற்றிய அவருடைய நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். கல்லூரியின் அளவு ஒருவரை முடக்கியதாக இதில் எதுவும் தெரியவில்லை. முடக்குவது பாடத்திட்டம் என்பது என் எண்ணம்.

இந்தப் பக்கத்துக்கு உயர்கல்வி வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1956-இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி; 1971-இல் பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி, போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் சி.பி.ஏ. கல்லூரி. ஏலக்காய் விற்ற பணம் கல்லூரியாக நின்றது சாதாரண விஷயம் அன்று. எஸ்டேட் வேலைக்கு விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியாகக் கேரளம் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, மதுரையில் அறை எடுக்காமல் பட்டம் வாங்க வழி பிறந்தது.

மொழியும் மாறியது. சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்தபோது 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு சோதனையாகத் தொடங்கியது. கலைப் பாடங்களில்தான் முதலில். பாடநூல்களும் தொடர்ந்து வந்தன. கே.கே. பிள்ளையின் ‘தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்’ 1972-இல் வெளிவந்து, தலைமுறைகளாக மாணவர் கையில் புழங்கிவருகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது பெரிய திறப்பு. இருந்தாலும், மாறியது மொழி. அத்தியாயங்களின் அடுக்கு பெரும்பாலும் பழையபடியே இருந்தது.

அடுக்கை அசைத்தது 1966-இல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியராக இருந்த ந. சுப்பிரமணியன் சங்ககால ஆட்சிமுறையையும் வரலாற்றியலையும் பற்றி எழுதியவர். கே. ராஜய்யன் பாளையக்காரர் கிளர்ச்சியை விரிவான ஆவணங்களோடு முன்வைத்தார். 1736 முதல் 1801 வரையான மதுரை வரலாற்றை 1974-இல் நூலாக்கினார். அதற்குப் பிறகு எம்.ஃபில். ஆய்வேடு என்ற சிறிய வடிவம் ஊர் வரலாற்றுக்குக் கதவு திறந்தது. ஒரு ஜமீன், ஒரு கோயில், ஒரு வட்டத்தின் விடுதலைப் போராட்டம் என்று கல்லூரி ஆசிரியர்கள் பலர் எழுதினார்கள். எல்லாம் நல்ல ஆய்வேடுகள் என்று சொல்ல மாட்டேன். அரசாங்க விவரச் சுவடியைப் பத்தி பத்தியாகப் பெயர்த்தவையும் உண்டு. ஆனால் மாணவர், தன் ஊரே ஆய்வுப்பொருள் ஆகலாம் என்று கண்டது அதில்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டன. பி.ஏ. திட்டக் கட்டுரை அந்த இடத்தை நிரப்புமா என்பதை ஒவ்வொரு துறையும் தானே தீர்மானிக்கிறது.

குரங்கணியை முழுதாக எழுத நினைப்பவருக்கு அலைச்சல் அதிகம். ஜே.எச். நெல்சனின் 1868 மதுரை நாட்டு விவரக் கையேடும் டபிள்யூ. பிரான்சிஸின் 1906 மாவட்ட விவரச் சுவடியும் தொடக்கத்துக்கு உதவும். மதுரை ஜில்லாத் தாள்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். பூஞ்சாறு அரசர் 1877-இல் ஜான் டேனியல் மன்றோவுக்குக் கொடுத்த கண்ணன் தேவன் மலையின் கதைக்குத் திருவனந்தபுரம். அந்த மலையில் தேயிலை வளர்த்த ஃபின்லே நிறுவனத்தின் பழைய ஏடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகத்தில் கிடக்கின்றன. 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றதால், ஒரே மலைச்சரிவின் காகிதங்கள் இரண்டு மாநிலங்களில் பிரிந்து கிடக்கின்றன.

காகிதம் எட்டாத பகுதியும் பெரிது. மலைப் பழங்குடியினரான முதுவர் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியதாகச் சொல்லும் வழக்கு குடிக்குக் குடி எப்படி மாறுகிறது என்று கேட்டுப் பதிவுசெய்ய மலையடிவாரக் கல்லூரியைவிட வசதியான இடம் இல்லை. களத்தில் இறங்கும் மாணவர்களால் என்ன முடியும் என்பதற்குச் சான்றும் பக்கத்திலேயே உண்டு. இதே தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்-பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தவர்கள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜனின் வழிகாட்டலில் களம் இறங்கிய ஆய்வு மாணவர்கள். கூடல் ஊர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த ஒருவனின் பெயர் அவற்றுள் ஒரு கல்லில் இருக்கிறது.

இன்று வரலாறு எடுப்பவர்களில் பலர் டி.என்.பி.எஸ்.சி. கனவோடு வருகிறார்கள், அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்குப் பிறகு, பேருந்துக் காசுக்கு வீட்டில் கையேந்தாமல் வகுப்புக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் அதே பிள்ளைகளிடம் ஒரு பருவத்துக்கு ஒரு களப்பணி கொடுத்தால் எதுவும் கெட்டுவிடாது. உதாரணத்துக்கு, 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேற்றத்துக்கு வந்திருந்த 23 பேர் இறந்தார்கள். அதை விசாரித்த அரசு அதிகாரியின் அறிக்கை இருக்கிறது, செய்தித்தாள்கள் இருக்கின்றன. அன்று இருட்டில் டார்ச் பிடித்து ஏறி, காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்கிய ஊர்க்காரர்களின் வாய்மொழியை அவர்கள் நினைவு மங்குமுன் கேட்டு எழுதுவது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரால் ஒரே பருவத்தில் முடியக்கூடிய வேலை.