தேவதைக்கு விலை என்ன?

பழைய ஓவியத்தை மதிப்பிட வரும் வல்லுநர் முகப்பழகோடு நின்றுவிடுவதில்லை. முதுகுப்புறத்தையும் புரட்டிப் பார்க்கிறார். துணி எவ்வளவு பழையது, எந்த மாளிகையிலிருந்து எந்த மாளிகைக்குக் கைமாறிற்று என்பதையெல்லாம் ஆராய்ந்த பின்னரே விலை கூறுகிறார். நாமும் ஓர் ஓவியத்தை அங்ஙனம் புரட்டிப் பார்ப்போம்.

இலண்டன் நேஷனல் காலரியில் உள்ள 'ரோக்பி வீனஸ்' அது. ஸ்பெயின் அரசவை ஓவியர் வெலாஸ்குவெஸ் 1647க்கும் 1651க்கும் இடையில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. ஆடையற்ற நங்கை ஒருத்தி நமக்கு முதுகு காட்டிப் படுத்திருக்கிறாள். சிறகு முளைத்த சிறுவன் கண்ணாடி ஏந்துகிறான். அவள் உரோமானியரின் காதல் தேவதை வீனஸ், அவன் அவள் மகன் க்யூபிட் என்கிறார்கள்.

ஆனால், 1651இல் எழுதப்பட்ட ஸ்பானியப் பிரபு ஒருவரின் உடைமைப் பட்டியல் என்ன சொல்கிறது? ஆடையில்லாப் பெண், கண்ணாடி பிடிக்கும் சிறுவன் — அவ்வளவே! தேவதையின் பெயரே இல்லை. கண்டதைக் கண்டபடி எழுதிய அந்தக் கணக்கரை நாம் பாராட்டாமலிருக்க முடியவில்லை.

பின் சிறகு எதற்கு? மத விசாரணை மன்றம் கோலோச்சிய நாடு அது. மானிடப் பெண்ணை ஆடையின்றித் தீட்டுவது ஆபத்து. தேவதை என்றால் பிரபுவின் அந்தரங்க அறையில் இடமுண்டு! புராணப் போர்வை ஏதுமின்றிப் பெண்ணைப் பெண்ணாகவே தீட்டிய கோயாவை 1815இல் அதே மன்றம் விசாரணைக்கு அழைத்தது.

இனி விலைக்கு வருவோம். 1813இல் யார்க்ஷயரின் ரோக்பி மாளிகைக்குரிய மோரிட் கொடுத்தது 500 பவுன். 1906இல் நேஷனல் காலரிக்காகத் திரட்டிக் கொடுக்கப்பட்டது 45,000 பவுன். தொண்ணூற்று மூன்று ஆண்டுகளில் தொண்ணூறு மடங்கு! அந்த 1906இல் பிரிட்டிஷ் பெண்ணுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு வாக்குக்கூட இல்லை. ஓவியப் பெண்ணுக்கு அரும்பொருட்கூடம். உயிருள்ள பெண் உரிமை கேட்டாலோ சிறைக்கூடம்!

1914 மார்ச் 9இல் வாக்குரிமைப் போராட்டத் தலைவி எம்மெலின் பாங்க்ஹர்ஸ்ட் கிளாஸ்கோ நகரில் மீண்டும் கைது செய்யப்பட்டார். மறுநாள் மேரி ரிச்சர்ட்சன் என்னும் பெண் இறைச்சி வெட்டும் கத்தியுடன் காலரிக்குள் நுழைந்து, வீனசின் முதுகைப் பல இடங்களில் கிழித்தார். புராண அழகியின் படத்துக்குப் பதறுவோர், உயிரோடிருக்கும் பாங்க்ஹர்ஸ்ட் வதைக்கப்படுவதற்குப் பதறவில்லையே என்பது அவர் வாதம். நாள் முழுதும் ஆடவர்கள் அப்படத்தை வாய்பிளந்து பார்த்தது தமக்குப் பிடிக்கவில்லை என்றும் 1952இல் கூறினார். கிடைத்தது ஆறு மாதச் சிறை.

ஓவியத்தைக் கிழிப்பதை நாம் போற்றவில்லை. அம்மையார் பின்னாளில் மோஸ்லியின் பாசிசக் கூட்டத்தில் சேர்ந்தவர். அவருக்கு மாலை சூட்டவும் நாம் வரவில்லை. ஆயினும் அன்று அவர் கேட்ட கேள்வி, வல்லுநர் எவரும் கேளாத கேள்வி.

1918இல் முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கு, அதிலும் சொத்துத் தகுதி உடையோருக்கு, வாக்குரிமை வந்தது. ஆடவருக்கு நிகரான உரிமை 1928 வரை வரவில்லை. வீனசின் முதுகுக் காயங்களோ அதற்கு நெடுநாள் முன்பே ஒட்டப்பட்டு, ஓவியம் மீண்டும் சுவரேறிவிட்டது.