மெய்நிகர் காட்சிச் சாதன அடையாளம்
மெய்நிகர் இயந்திரத்துக்குள் எந்தக் கிராஃபிக்ஸ் சாதனம் இருக்கிறது என்பதை மென்பொருள் கண்டறியும் முறை. பிசிஐ இணைப்புத் தடத்தில் உள்ள ஒவ்வொரு சாதனமும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என இரு 16 பிட் எண்களைத் தருகிறது; கியூஇஎம்யூ என்ற மெய்நிகராக்க மென்பொருளின் இயல்பான விஜிஏ தருபவை பதினறும எண்முறையில் 1234, 1111.

இத்தகைய நிரலை மறுஆய்வு செய்பவர், அந்த எண்களிலிருந்து என்ன முடிவு எடுக்கப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் விஎம்எஸ்விஜிஏ சாதனம் விஎம்வேரின் எண்களையே காட்டும். அதை வைத்து ஹைப்பர்வைசர் (மெய்நிகர் இயந்திரத்தை இயக்கும் மென்பொருள்) விஎம்வேர்தான் என்று சொல்லும் நிரல் பிழையானது. கியூஇஎம்யூ பாவிக்கும் சிரஸ் லாஜிக் சிப்போ 1990களில் உண்மையிலேயே விற்பனையில் இருந்தது; எனவே அதன் எண் மட்டும் மெய்நிகர் இயந்திரத்துக்குச் சான்றாகாது. மறுபுறம், மெய்நிகர் இயந்திரத்திடம் நேரடியாக ஒப்படைக்கப்பட்ட என்விடியா அட்டை, அங்கும் தன் அசல் எண்ணையே சொல்லும்.

ஹைப்பர்-வியின் இரண்டாம் தலைமுறை இயந்திரங்களில் காட்சிச் சாதனம் விஎம்பஸ் என்ற மெய்நிகர் தடத்தின் வழியே வருவதால், பிசிஐயை மட்டும் தேடும் நிரலுக்கு அது தென்படாது.