பிச்சைக்காரனுக்குத் திறந்த கதவுகள்

இலங்கையிற் கத்தோலிக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், பறங்கியர் பீரங்கியோடு கொண்டுவந்தனர் என்று எங்களிற் பலர் ஒரே வசனத்திற் பதில் சொல்லிவிடுவோம். அந்தப் பதிலில் உண்மை உண்டு. ஆனால் அதற்கு அடுத்ததாகக் கேட்கவேண்டிய கேள்வியை நாம் கேட்பதில்லை. பறங்கியர் போன பின்பு அந்தச் சமயமும் அவர்களோடு கப்பலேறிப் போய்விடவில்லையே, அது ஏன்?

நான் சைவக் குடும்பத்திற் பிறந்தவன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன். பின்னர் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, போர்க்காலம் முழுவதையும் செய்தி அறைகளிலே கழித்தவன். அதிகாரத்தின் துணையோடு பேசுகிறவர்களின் வீரத்தையும், அதிகாரம் இல்லாதவர்களின் வீரத்தையும் வேறுபடுத்திப் பார்க்க அந்தத் தொழில் எனக்குக் கற்றுத் தந்தது. மேற்கண்ட கேள்விக்கு விடை தேடுகையில் அந்த வேறுபாடு மிகத் தெளிவாகவே தெரிகிறது.

கதையை நேர்மையாகச் சொல்வதானால் பறங்கியரிலிருந்தே தொடங்கவேண்டும். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேராவின் கையில் வீழ்ந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடித்துத் தள்ளப்பட்டது. சைவர்கள் தங்கள் விரதங்களை ஒளித்துக் கைக்கொண்டனர். விரதச் சோறு உண்ட வாழையிலையை அயலவர் கண்ணிற் படாதபடி கூரையின் இறப்பிலே செருகி வைத்தனர் என்பது யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அன்று கத்தோலிக்கனாக இருப்பதற்குத் துணிவு தேவைப்படவில்லை. கத்தோலிக்கனாக இல்லாதிருப்பதற்கே துணிவு தேவைப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் நிறையுமுன் சக்கரம் சுழன்றது.

ஒல்லாந்தர் வருகை

1658 யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வசமாயிற்று. ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே. ஆனால் கல்வினின் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். தேவாலயங்கள் சீர்திருத்தச் சபைக்கு உரியவையாக்கப்பட்டன. கத்தோலிக்கக் குருவானவர் ஒருவருக்கு வீட்டில் இடங்கொடுப்பவருக்கு மரணதண்டனை என்று அந்த ஆண்டிலேயே கட்டளை பிறந்தது.

இதனை வெறும் மதவெறி என்று ஒதுக்கிவிட முடியாது. கோட்டை விழுந்த சில மாதங்களிலேயே, பறங்கியருக்குச் சார்பானவர்கள் ஒல்லாந்த அதிகாரிகளைக் கொல்வதற்குச் செய்த சதியொன்று வெளிப்பட்டது. அன்று முதல் கத்தோலிக்கன் என்றால் பறங்கியரின் ஒற்றன் என்பதே ஒல்லாந்தரின் கணக்கு. அவர்களுடைய சொந்த நகரமான அம்ஸ்ரர்டாமில் 1660களில் வர்த்தகர் ஒருவர் தமது வீட்டு மேல்மாடத்திற் கட்டிய மறைவான கத்தோலிக்கக் கோவில் இன்றும் நூதனசாலையாக நிற்கிறது. அங்கே கண்டும் காணாமல் விட்டவர்கள் இங்கே வாளை உருவினர் என்றால், அதற்குக் காரணம் வேதநூலைவிட அச்சமே என்று நான் நினைக்கிறேன்.

வாளைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்றும் அவர்களிடம் இருந்தது. அதுதான் தோம்பு என்னும் பதிவேடு. ஞானஸ்நானமும் திருமணமும் சீர்திருத்தச் சபையின் பதிவிலே ஏறவேண்டும். ஏறாவிட்டால் திருமணம் செல்லாது. பிள்ளைகளுக்கு முதுசச் சொத்தில் உரிமை இல்லை. அரசாங்க உத்தியோகமும் அந்தச் சபையினருக்கே. காணியும் உத்தியோகமும் எங்கள் சமூகத்தில் எவ்வளவு பெரியவை என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அந்த நெருக்கடியில் சைவர்களும் கத்தோலிக்கர்களும் ஒரே காரியத்தையே செய்தனர். பதிவேட்டிலே பெயரைக் கொடுத்தனர். வீட்டுக்குள்ளே தங்கள் வழிபாட்டைத் தொடர்ந்தனர்.

சிலர் வேறு வழியைத் தேர்ந்தனர். மாந்தையிலிருந்த தேவமாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு 1670இல் இருபது குடும்பங்கள் வன்னிக் காட்டுக்குள் புகுந்தன என்பது மரபு. அவர்கள் தங்கிய மருதமடுவே இன்றைய மடுத் திருத்தலம்.

கழுத்திலே செபமாலை

குருமார் இல்லாமல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணமுடித்துப் பிள்ளை பெறுகிற காலம் அது. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. தாய் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த செபங்களே மிஞ்சின. ஐரோப்பியக் குரு எவரும் கரையேறினால் நிறத்தைக் கண்டே பிடித்துவிடுவார்கள். இந்த நிலைமை கோவாவில் இருந்த யோசேவ் வாஸ் என்னும் கொங்கணிக் குருவானவரின் காதுக்கு எட்டியது.

1651இல் கோவாவின் பெனாலிம் கிராமத்தில், அந்தணர் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். 1687இல் தம் பணியாள் யோவானோடு தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். மன்னாரில் கரையேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவர் உடுத்தியிருந்தது கூலிக்காரனின் துண்டு. பசியும் வயிற்றுளைவும் அவரைச் சாகுந்தறுவாயில் வீழ்த்தின. முகம் அறியாத ஒரு பெண் கஞ்சி வார்த்துக் காப்பாற்றினாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

உயிர் தப்பியவர், கத்தோலிக்கர் யார் என்பதைக் கண்டறிய ஒரு வழி செய்தார். கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். மாலையைக் கண்டவர்களின் கண்ணிலே என்ன தெரிகிறது என்று பார்த்தார். காட்டிக்கொடுப்பவன் எவனும் அதைக் காணலாம். அப்படியிருந்தும் சில கதவுகள் திறந்தன. பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள சில்லாலைக் கிராமம் அவரை ஏற்றுக்கொண்டது. பகலில் மறைந்திருந்து, இரவிலே ஊர் ஊராகச் சென்று பூசை வைத்தார்.

இங்கே வாசகர்கள் சற்று நிதானிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாஸ் அடிகளாரின் துணிவைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவரோ துறவி, மனைவி இல்லை, மக்கள் இல்லை, காணி பூமி இல்லை. கதவைத் திறந்தவர்களுக்கு இவையெல்லாம் இருந்தன. கட்டளையின்படி அந்தக் கதவின் விலை தலை. பதிவேட்டிலே பெயரைக் கொடுத்த அதே மனிதர்கள்தாம் நள்ளிரவில் அந்தக் கதவையும் திறந்தார்கள். அப்படியானால் இவர்கள் கோழைகளா, வீரர்களா? இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடத் துடிப்பவர்கள் ஒடுக்குமுறையின் கீழே ஒரு நாளாவது வாழாதவர்களாகத்தான் இருக்கவேண்டும். பிள்ளையின் காணியைக் காப்பாற்ற ஓரிடத்தில் வளைந்தவன், வளையக் கூடாத இடம் வந்தபோது நிமிர்ந்து நின்றான். சாதாரண மனிதரின் துணிவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

வளையக் கூடாத அந்த இடம் 1689 நத்தார் இரவிலே வந்தது. நள்ளிரவுப் பூசைக்கு யாழ்ப்பாணத்தில் மக்கள் கூடியிருந்தபோது ஒல்லாந்தப் படைவீரர் வீடுகளுக்குள் புகுந்தனர். 300 பேரளவிற் பிடிபட்டனர். அடிகளார் தப்பிவிட்டார். மறுநாள் பெண்கள் விடுவிக்கப்பட்டனர். ஆண்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. எட்டுப் பேர் மட்டும் தனியே பிரிக்கப்பட்டு இரக்கமின்றி அடிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அடியினால் இறந்துபோனார். அவர் சீர்திருத்தச் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்தவர். வெல்லுகிற பக்கத்தை விட்டுத் தோற்ற பக்கத்துக்கு வந்து, அதற்காகவே உயிரைக் கொடுத்தவர். ஏனைய எழுவருக்கும் ஆயுள் முழுவதும் கட்டாய வேலை விதிக்கப்பட்டது. திருச்சபை பீடத்தில் ஏற்றி வணங்கும் புனிதர்களின் வரிசையில் இந்த எண்மரும் இல்லை.

பௌத்த மன்னனின் நிழல்

அடுத்து நடந்தது நமது வரலாற்றின் ஒரு வியப்பு. கிறிஸ்தவ அரசு துரத்திய கிறிஸ்தவக் குருவுக்குப் பௌத்த மன்னன் ஒருவன் அடைக்கலம் தந்தான்.

அடிகளார் புத்தளம் வழியாகச் சென்று 1692இல் கண்டியை அடைந்தார். அரண்மனையிலே செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் ஒருவர் அவரைப் பறங்கியரின் ஒற்றன் என்று குற்றஞ்சாட்டவே, சிறையில் அடைக்கப்பட்டார். காவல் சற்றுத் தளர்ந்தபோது சிறைக்குள்ளேயே ஒரு குடிசையைக் கோவிலாக்கினார், சிங்களம் கற்றார். கொடிய வரட்சியின்போது அவர் செபித்ததும் மழை பெய்தது என்று பக்தர்கள் சொல்லுவர். அதை நம்புவதும் விடுவதும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. எனக்குப் பெரிய அற்புதமாகத் தெரிவது வேறொன்று.

1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். நோயாளரை உறவினரே தெருவிலும் காட்டிலும் விட்டுச் சென்றனர். அடிகளாரும் அவருடைய மருமகனான கார்வாலியோ என்னும் குருவும் நகரிலேயே தங்கினர். வெறுமையாய்க் கிடந்த வீடுகளை மருத்துவமனைகளாக்கி, புண்ணைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். எந்தச் சமயத்தவன் என்று எவரையும் கேட்கவில்லை. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அதன்பின் அவரை ஒற்றனாகக் கருதவில்லை. கண்டி இராச்சியம் எங்கும் சமயப்பணி செய்ய அவருக்குச் சுதந்திரம் கிடைத்தது.

பத்து ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் வார்த்த கஞ்சி, கண்டித் தெருவிலே கிடந்த நோயாளிக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயர் பதவி அவரைத் தேடி வந்தபோது அதனை ஏற்க மறுத்தார். ஊர்களிலே குரு இல்லாத காலத்திலும் செபத்தை நடத்துவதற்கு மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தினார். யாழ்ப்பாணத்து வீடுகளில் தாம் கண்டதையே ஓர் ஒழுங்காக்கினார் என்றுகூடச் சொல்லலாம். கோவாவுக்குத் திரும்பாமலே 1711 சனவரி 16ஆம் திகதி கண்டியில் உயிர்நீத்தார். அவருக்கு உதவியாக 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பெரும் நூற்றொகுதியை ஆக்கினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் எங்கள் கரையோரக் கிராமங்களிலே இராகத்தோடு வாசிக்கப்படுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இதனை வாசிக்கிறவர்களிடையே நிச்சயம் இருப்பார்கள்.

ஒல்லாந்தர் 1795இல் யாழ்ப்பாணத்தை ஆங்கிலேயரிடம் இழந்தனர். கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை 1806இல் தேசாதிபதி மெயிற்லன்ட் நீக்கினார். ஏறத்தாழ 137 ஆண்டுகள் ஆண்ட ஒல்லாந்தர், தோம்பிலே எழுதிய பெயர்களாற் சீர்திருத்தச் சபையை நிரப்பினர். ஆட்சி போனதும் அந்தச் சபை யாழ்ப்பாணத்திற் கரைந்தது. சைவர்கள் கோயிலுக்குத் திரும்பினர். கத்தோலிக்கர் பூசைக்குத் திரும்பினர். சட்டத்தினால் வந்தது சட்டத்தோடு போயிற்று. இறப்பிலே செருகிய வாழையிலையும், துணிக்குள் ஒளித்த செபமாலையும் எஞ்சின.

இன்றைக்கு இது ஏன்?

1995 சனவரியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலிமுகத்திடலில் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 சனவரி 14இல் அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். அன்று மாலையே பாப்பரசர் மடுவுக்கும் சென்றார். ஒல்லாந்தருக்கு அஞ்சி மக்கள் ஓடி ஒளிந்த காடு அது. 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மடுவின் குருமார் அதே சொரூபத்தை மீண்டும் சுமந்துகொண்டு தேவன்பிட்டிக்குப் போகவேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகைக்கு எழுதிய நாளில் என் நினைவுக்கு வந்தவை 1670இன் அந்த இருபது குடும்பங்களே.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த அந்த ஒரே நாளில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏழு வாரங்களிற் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் மீண்டும் திறக்கப்பட்டது. கதவு திறந்ததும் மக்கள் உள்ளே போனார்கள். அந்தக் கோவிலின் தொடக்கமே ஒல்லாந்தர் காலத்திலே வேடமிட்டு மறைந்து திரிந்த ஒரு குருவானவரோடு மரபிலே இணைத்துப் பேசப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

சமயம் எதுவாயினும், அரசும் படையும் தன் பக்கம் நிற்கும்போது பேசுகிற பேச்சை வைத்து அதனை அளக்கலாகாது. அவை எதிர்த்து நிற்கும்போது, வாசலில் வந்து நிற்கிற அந்நியனுக்கு அந்த வீட்டுக்காரன் என்ன செய்கிறான் என்பதைக் கொண்டே அளக்கவேண்டும். 1687இல் எங்கள் ஊர்களிற் சில வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு விடை அதுதான்.