துவக்கும் கொல்லரும்: வன்னி வரலாற்றில் ஒரு விடுபாடு

கற்சிலைமடுவில் நாட்டப்பெற்ற நினைவுக்கல், 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தமையைக் கூறுகின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டை வன்னியன் வசமாயிற்று என்பதையும் நாம் அறிவோம். ஆயின், இப்போர்க்காலத்துத் துவக்குகளை ஆக்கிய உழைப்பாளருக்கு அக்கல்லில் இடமில்லை.

அன்றைய துவக்கு சக்கிமுக்கிக்கல்லினால் இயங்கியது. விசையை இழுத்ததும் கல் உருக்குத் தகட்டில் மோதும். எழும் பொறி கிண்ணியிலுள்ள மருந்தைப் பற்றவைக்கும். அத்தீ சிறுதுளை வழியே குழலினுட் புகும். வன்னிக்குத் தெற்கே, கண்டி இராச்சியத்துக் கொல்லர் ஐரோப்பியத் துவக்கை அப்படியே நகல்செய்தாரல்லர். இயங்குபொறியை இடப்புறத்தே பொருத்தினர், அடிக்கட்டையை இருகவராக்கினர். இலங்கைத் துவக்குக் குழல்களின் ஒளிர்வை 1596இல் வெளியான லின்ஸ்கோட்டனின் பயணநூல் வியந்துரைக்கின்றது.

18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பென்சில்வேனியாவின் கொல்லர், ஜெர்மானியக் குடியேறிகள் கொணர்ந்த மரபில் நெடுந்துவக்குகளை ஆக்கினர். அவருட் பலர் குழலிலே தம் பெயரைப் பொறித்தமையால், இன்று ஊர்வாரியாக அவர்தம் பாணிகளைப் பிரித்தறிய முடிகின்றது. இங்கோ நிலைமை வேறு. 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்றதும், 2023இல் நெதர்லாந்து மீள அளித்ததுமான பீரங்கி, அதனை மன்னனுக்கு வழங்கிய லெவ்கே திசாவையின் பெயராலேயே வழங்குகின்றது.

மருந்தை இடித்து நிரப்பும் நாட்டுத்துவக்கை வன்னி மக்கள் ‘இடியன்’ என்பர். அச்சொல் ஆள்வோனையன்று, வேலையையே நினைவூட்டுகின்றது. கொல்லரின் வரலாற்றை நாம் தேடவேண்டிய இடங்கள் உலைக்களங்களும் இத்தகைய சொற்களுமேயாம்.