வெண்ணெயால் நிமிர்ந்த நாடு

வரலாறு என்றதும் மாணவர்களுக்கு மன்னர்களும் போர்களுமே நினைவுக்கு வருவது இயல்பு. பல்லாண்டுகள் வகுப்பறையில் அவற்றையே விரித்துரைத்த யான், இன்று சில கறவை மாடுகளின் வரலாற்றைக் கூற விழைகின்றேன். அது டென்மார்க்கு நாட்டில் நிகழ்ந்தது.

1864-ஆம் ஆண்டில் பிரஷ்யாவுடனும் ஆஸ்திரியாவுடனும் பொருது தோற்ற டென்மார்க்கு, தன் தென்பகுதியில் பெரும் நிலப்பரப்பை இழந்தது. அப்புண் ஆறுமுன் மற்றோர் இடர் வந்துற்றது. 1870-ஆம் ஆண்டுகளில், அமெரிக்கச் சமவெளிகளில் விளைந்த கோதுமை, புகைவண்டியிலும் நீராவிக் கப்பலிலும் ஏறி ஐரோப்பியச் சந்தைகளில் வந்து குவிந்தது. தானிய விலை சரிந்தது. தானியத்தை ஏற்றுமதி செய்து வாழ்ந்த டேனிய உழவர்கள் திகைத்தனர்.

அண்டை நாடான ஜெர்மனி, 1879-இல் அயல்நாட்டுத் தானியத்திற்கு வரி விதித்தது. டேனியரோ வேறு வழி கண்டனர். மலிவாக வரும் தானியத்தைத் தடுப்பானேன்? அதனையே மாட்டுக்குத் தீனியாக்கி, இங்கிலாந்திற்கு வெண்ணெய் விற்றால் என்ன என்று எண்ணினர்.

ஆனால், இரண்டொரு மாடு வைத்திருப்பவர் வீட்டில் கடைந்த வெண்ணெய் ஒரே தரமாக இராது. நல்ல விலையும் பெறாது. 1878-ஐ ஒட்டிப் பயனுக்கு வந்த பாலேடு பிரிக்கும் பொறி, பலர் பாலையும் ஒருங்கே கலந்து கையாள வழி திறந்தது. எனினும் அப்பொறியைத் தனியொரு குடியானவர் வாங்க இயலுமா? 1882-இல் மேற்கு ஜட்லாந்தைச் சேர்ந்த யெட்டிங் என்னும் சிற்றூரார், கூட்டுப் பொறுப்பில் கடன் பெற்று நாட்டின் முதற் கூட்டுறவுப் பால்பண்ணையை நிறுவினர். இம்முறை நாடெங்கும் விரைந்து பரவியது. ஊற்றிய பாலின் அளவிற்கேற்ப ஆதாயம் கிடைத்தது. சங்கத்திலோ, ஒரு மாடு உடையவர்க்கும் ஐம்பது மாடு உடையவர்க்கும் ஒரே வாக்கு என்பது பொதுநெறியாயிற்று. வெண்ணெய் எடுத்தபின் எஞ்சிய பால் பன்றிகளுக்கு உணவாயிற்று. 1887-இல் ஹார்சென்ஸ் நகரில் பன்றி இறைச்சிக்கும் கூட்டுறவு ஆலை எழுந்தது. வெண்ணெய் விலை ஏறும் குளிர்காலத்திலும் பால் கிடைக்குமாறு, கன்று ஈனும் பருவத்தையும் திட்டமிட்டு மாற்றினர்.

இத்துணிவு எங்கிருந்து வந்தது? 1844 முதல் அந்நாட்டில் எழுந்த மக்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டென்பர் வரலாற்றாசிரியர். உழவர் வீட்டு இளைஞர் குளிர்கால ஓய்வில் அங்குத் தங்கிப் பயின்றனர்; தேர்வு இல்லை, பட்டம் இல்லை. ஒருவரையொருவர் நம்பி ஒன்றுகூடும் பண்பே அவர்கள் பெற்ற பரிசு.

2000-ஆம் ஆண்டில் டேனிய, ஸ்வீடியக் கூட்டுறவுகள் இணைந்து ஆர்லா ஃபுட்ஸ் தோன்றியது. அதன் உடைமையாளர் இன்றும் பால் ஊற்றும் உழவரே.

மாணவர்களே, காலத்தின் போக்கை டேனிய உழவர் தடுக்கவில்லை. அது செல்லும் திசையறிந்து தம் தொழிலை மாற்றினர். அந்த மாற்றத்தில் எளியவரையும் உடன் அழைத்துச் சென்றதே அவர்தம் திட்டத்தின் சிறப்பு.